கோப்பை வந்தது, கூடம் எங்கே?

2022-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பாங்காக் நகரில் இந்திய ஆடவர் இறகுப்பந்துக் குழு தாமஸ் கோப்பையை வென்றது. உலக நாடுகளின் ஆடவர் குழுக்கள் மோதும் இந்தப் போட்டி 1949-ல் முதன்முதலாக முடிவுற்றது. அன்று முதல் இந்தியா இந்தக் கோப்பையைக் கையில் எடுத்தது அதுவே முதல் தடவை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற நாடு சாதாரண நாடல்ல. 14 முறை இதே கோப்பையை வென்ற இந்தோனேஷியா. முந்தைய போட்டியின் சாம்பியன். அந்த நாட்டை 3–0 என்று நம்மவர்கள் வீழ்த்தினார்கள்.

இறகுப்பந்து என்றால் நம் ஊரில் ஷட்டில். ஆட்டம் தெரிந்த தோழர்களுக்கு அந்த முடிவுகளே கதை சொல்லும். தெரியாத தோழர்களுக்காகச் சற்று விவரமாகச் சொல்லுகிறோம். ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் மொத்தம் ஐந்து ஆட்டங்கள். மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். எந்த நாடு மூன்றை வென்றாலும் முடிந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் 21 புள்ளி கொண்ட சுற்றுகள். மூன்றில் இரண்டு சுற்று எடுத்தவர் வெற்றியாளர்.

முதலில் இறங்கியவர் லக்ஷ்யா சென். இமயமலை அடிவாரத்து அல்மோராவைச் சேர்ந்த, அப்போது 20 வயதான இளைஞர். அந்தோணி ஜிண்டிங்கிடம் முதல் சுற்றை 8–21 என்று பறிகொடுத்தார். பார்த்தவர்கள் இனி அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. அடுத்த இரண்டு சுற்றுகளையும் 21–17, 21–16 என்று பிடித்தார். அடுத்து இரட்டையர். ஆந்திராவின் அமலாபுரத்துச் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் பம்பாயின் சிராக் ஷெட்டியும் ஒரு பக்கம். முகமது அசானும் கெவின் சஞ்சயா சுகமுல்ஜோவும் மறுபக்கம். இங்கேயும் முதல் சுற்று போயிற்று, 18–21. இரண்டாவது சுற்றில் இன்னும் ஒரே புள்ளி போனால் ஆட்டமே போச்சு என்ற கட்டம் வந்தது. அந்தக் கட்டத்திலிருந்து இருவரும் ஏறி வந்து 23–21 என்று சுற்றைப் பறித்தார்கள். மூன்றாவது சுற்று 21–19. மூன்றாவது ஆட்டத்தில் கிடாம்பி ஸ்ரீகாந்த், ஜோனாதன் கிறிஸ்டியை 21–15, 23–21 என்று முடித்தார். கோப்பை இந்தியாவுக்கு.

அன்று ஆடாமலே உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி நாம் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். எச். எஸ். பிரணாய். திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் நாஞ்சில் நாட்டுக்கும் அதுதானே தலைநகரம்! பிரணாய்க்குக் குழுவில் கிடைத்த இடம் ஐந்தாவது ஆட்டம். ஐந்தாவது ஆட்டக்காரன் வேலை விசித்திரமானது. முன்னே போனவர்கள் மூன்றை வென்றுவிட்டால் அவனுக்கு வேலையே இல்லை. இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் முழுப் பாரமும் அவன் ஒருவன் தலையில். கால் இறுதியில் மலேஷியாவுடன் 2–2 என்று நின்றது. பிரணாய் இறங்கி வென்றார். அரை இறுதியில் டென்மார்க்குடன் மறுபடியும் 2–2. இம்முறை ராஸ்மஸ் ஜெம்கே எதிரி. ஆட்டத்தின் நடுவே பிரணாய் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. முதல் சுற்று 13–21 என்று போயிற்று. களத்திலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு, நொண்டிய காலோடு, அடுத்த இரண்டு சுற்றுகளையும் 21–9, 21–12 என்று வென்றார். 1979-க்குப் பிறகு அரை இறுதியையே எட்டாத இந்தியா அன்று இறுதிக்குப் போயிற்று. வேலைநிறுத்தத்தில் கடைசி நாள் வரை வாயிலில் நின்ற தோழர்களுக்கு இந்த ஐந்தாவது ஆளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்குள் சில தோழர்கள் கேட்கக்கூடும்: "போனஸ் பாக்கி, பஞ்சப்படி பிரச்னை, நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் வராத கொடுமை, இத்தனை இருக்கும்போது நமது பத்திரிகைக்கு ஷட்டில் ஆட்டம் என்ன கேடு?" நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். 1886-ல் சிக்காகோ தொழிலாளர்கள் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மிச்சம் எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு. அந்த மூன்றாவது எட்டு மணியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். முதலாளி மறப்பதில்லை. 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியதே, நினைவிருக்கிறதா? வேலை நாளை 12 மணி நேரமாக நீட்ட வழி செய்த அந்த மசோதா, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தபின் மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. அது மட்டும் நிலைத்திருந்தால் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அப்பன் முகம் பார்க்கவே பொழுது இருந்திராது. மட்டை பிடிக்கக் கற்றுத்தர எங்கே பொழுது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நாள் முழுக்க உடலால் உழைக்கிறவனுக்கு ஆட்டம் எதற்கு? வேலையே உடற்பயிற்சி ஆயிற்றே!" என்று கேலி பேசும் பெரிய மனிதர்கள். இவர்களை ஒரு நாள் முந்திரி ஆலையில் குந்தி உட்கார வைத்துத் தோடு உடைக்கச் சொல்ல வேண்டும். ஒரே நிலையில் உட்கார்ந்து கால் மரத்து, கொட்டைப் பாலில் விரல் வெந்து போவது உடற்பயிற்சியா? நூற்பாலையில் பஞ்சுத் தூசியை விழுங்கிக்கொண்டு ஷிப்டு முழுக்க ஒரே வரிசையில் நடப்பதும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டுவதும் உடற்பயிற்சியா? வேலை உடம்பை ஒரு பக்கமாக வளைக்கிறது. ஆட்டம் அந்த வளைவை எடுக்கிறது. அந்தப் பெரிய மனிதர்களும் மாலை ஆனால் கிளப்புக்குப் போய் மட்டை பிடிக்கிறார்களே, எதற்காம்?

இந்த ஆட்டத்தின் பிறப்பே கிளப்பிலும் மாளிகையிலும்தான். பிரிட்டனில் கிளாஸ்டர்ஷயர் ஜில்லாவில் பியூபோர்ட் பிரபுவின் மாளிகைக்குப் பெயர் பாட்மிண்டன். ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. விதிகள் உருவானதோ நம் நாட்டில். 1870-களில் பூனா ராணுவ முகாமில் இருந்த வெள்ளை அதிகாரிகள் பொழுதுபோக்காக ஆடி ஆடி விதி வகுத்தார்கள். அந்தக் கூடாரத்துக்குள் இந்தியச் சிப்பாய்க்கு இருந்திருக்கக்கூடிய வேலை பந்து பொறுக்குவதுதான். சர்வதேச சம்மேளனத்தின் முதல் தலைவர் சர் ஜார்ஜ் தாமஸ் 1939-ல் தம் பெயரால் கோப்பை கொடுத்தார். உடனே யுத்தம் வந்தது. பத்து ஆண்டு கழித்துத்தான் முதல் போட்டி முடிந்தது. பிரபுக்களின் அந்தக் கோப்பையை முதலில் வென்றவர்கள் யார் தெரியுமா? மலாயாக்காரர்கள்! பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழ் இருந்த அடிமை நாட்டின் இளைஞர்கள், பிரிட்டனின் பிரஸ்டன் நகரத்திலேயே, டென்மார்க்கை 8–1 என்று தோற்கடித்தார்கள்.

அதே 1949-ம் ஆண்டு மே 4-ந் தேதி அதே மலாயாவில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் நம் தோழர் எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, கடல் கடந்து போய், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த தமிழர். கோப்பை வென்ற மலாயாவைக் கைதட்டி வரவேற்ற வெள்ளைக்காரன், கூலி உயர்வு கேட்ட மலாயாவின் கழுத்தில் கயிறு மாட்டினான். ஆட்டத்தில் ஜெயித்தால் பரவாயில்லை, ஆட்சியில் பங்கு கேட்காதே என்பதுதான் அன்றைய நீதி. 1958-ல் கோப்பை இந்தோனேஷியாவுக்குப் போயிற்று. டச்சுக்காரனை விரட்டிப் பத்து ஆண்டு ஆகாத புதுக் குடியரசு அது. 1982-ல் மக்கள் சீனம் முதல் தடவையே இறங்கி முதல் தடவையே எடுத்தது. ஆசிய ஜனங்கள் இந்த ஆட்டத்தைப் பிரபுக்களிடமிருந்து பறித்துக்கொண்ட கதை நீளமானது. இந்தோனேஷியாவிலும் சீனாவிலும் இது தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கிவந்துவிட்ட ஆட்டம் என்பதை மட்டும் இங்கே சொல்லி நிறுத்துகிறோம்.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசலாம். 2018 முதல் உலக இறகுப்பந்து சம்மேளனம் உலகச் சுற்று என்ற பெயரில் ஆண்டு முழுவதும் பரிசுப் பணப் போட்டிகள் நடத்துகிறது. 2025-ல் ஆல் இங்கிலாந்து போட்டிக்கு மொத்தப் பரிசு 14,50,000 டாலர். ஒற்றையரில் வென்றவருக்கு அதில் நூற்றுக்கு ஏழு பங்கு. முதல் சுற்றில் தோற்றவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. வாராவாரம் நாடு விட்டு நாடு பறந்து, ஒருவனை ஒருவன் தோற்கடித்து, மேலே ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரனும் ஒருவகையில் துண்டுக் கூலிக்காரன்தான். லக்ஷ்யாவும் பிரணாயும் ஸ்ரீகாந்தும் அந்தச் சுற்றில் ஒருவருக்கொருவர் எதிரிகள். தாமஸ் கோப்பையிலோ பரிசுப் பணம் என்பதே கிடையாது. அந்த மூவரும் இரட்டையரும் பத்துப் பேராக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவனுக்காக ஒருவன் தொண்டை கிழியக் கத்திய இடம் அதுதான். இதில் நம்மவர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. சங்கம் வைத்தவர்களுக்கு இது பழகிய விஷயம்.

வென்று வந்தபின் மத்திய சர்க்கார் 1 கோடி ரூபாய் அறிவித்தது. இந்திய இறகுப்பந்து சங்கம் ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு கோடி. பத்துப் பேருக்குப் பங்கு போட வேண்டிய பணம். இரண்டு ஆண்டு கழித்து, 2024-ல் கிரிக்கெட் குழு 20 ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது கிரிக்கெட் வாரியம் மட்டும் கொடுத்தது 125 கோடி. மகாராஷ்டிர சர்க்கார் அதற்கு மேல் 11 கோடி அறிவித்தது. அதே மாநிலத்துச் சிராக் ஷெட்டி, "நாங்கள் வென்றதும் உலகக் கோப்பைக்குச் சமந்தானே, எங்களை ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?" என்ற பொருளில் வெளிப்படையாகவே கேட்டார். கேட்டது நியாயம். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்மீது நமக்குக் கோபமில்லை. விளம்பரக் கம்பெனி எந்த ஆட்டத்தைத் தூக்குகிறதோ அதன் பின்னால் சர்க்காரும் ஓடுகிறதே, அதைத்தான் கண்டிக்கிறோம். இந்த இடத்தில் புல்லேலா கோபிசந்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற அவர், தாம் குடிக்காத கோலா பானத்துக்கு விளம்பரம் செய்ய மாட்டேன் என்று பெரும் பணத்தை வேண்டாமென்றார். பிறகு ஹைதராபாத்தில் பயிற்சிக் கூடம் எழுப்பியபோது தம் வீட்டையே அடகு வைத்தார். அந்தக் கூடத்துக்கு இடம் வந்தது ஆந்திர சர்க்காரின் பொது நிலத்திலிருந்து. ஸ்ரீகாந்தும் பிரணாயும் சாத்விக்கும் அந்தக் கூரைக்குக் கீழ் வளர்ந்தவர்கள். நிலம் பொதுநிலம் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பந்தையும் கொஞ்சம் பார்ப்போம். வாத்தின் இறக்கையிலிருந்து எடுத்த 16 இறகுகள், ஒரு தக்கை. மொத்த எடை 4.74 கிராம் முதல் 5.50 கிராம் வரை. எல்லா இறகும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பந்து கோணிப் பறக்கும். மேற்கு வங்காளத்தில் ஹவுரா ஜில்லாவின் உலுபேரியா வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலை நடக்கிறது. இறகைக் கழுவுவதும், பிரிப்பதும், வெட்டுவதும், தக்கையில் நடுவதும், நூல் கட்டுவதும் கை வேலை. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து இறகு பிரித்துத் துண்டுக் கூலி வாங்குகிறார்கள். பெரிய போட்டியில் ஒரே ஆட்டத்தில் ஒரு டஜன் பந்து கிழிந்து போவது சகஜம். டெலிவிஷனில் ஆட்டக்காரன் பெயர் தெரிகிறது, மட்டைக் கம்பெனியின் பெயர் தெரிகிறது. இறகு பிரித்தவளின் பெயர் எங்கும் தெரிவதில்லை. பீடி சுற்றும் நம் சகோதரிகளும் முந்திரி உடைக்கும் நம் சகோதரிகளும் உலுபேரியாக்காரியை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நல்ல கம்பெனியின் போட்டித் தரப் பந்து ஒரு குழாய், அதாவது 12 பந்து, இன்று 2,000 ரூபாய்க்கு மேல். 2025–26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஆறு நாள் மண் வெட்டினால் ஒரு குழாய் பந்து. அது ஒரு வாரம்கூட வராது. மட்டை வேறு, செருப்பு வேறு, கூடத்து வாடகை வேறு.

இப்படிச் சொன்னால், "ஏன், தெருவில் வலை கட்டி ஆடட்டுமே" என்பார்கள். மற்ற ஜில்லாக்களில் எப்படியோ, நாஞ்சில் நாட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்! ஆனியில் தொடங்கும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். ஐந்து கிராம் இறகு நிற்குமா? சாத்விக் 2023-ல் ஜப்பானில் அடித்த ஓர் அடி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் என்று அளந்து உலக சாதனை என்றார்கள். அந்த வேகத்தில் கிளம்பும் பந்தும் நாலு பாகம் தூரம் போவதற்குள் இறகு விரிந்து காற்றில் தடைப்பட்டுத் தளர்ந்துவிடும். அதுதான் இந்த ஆட்டத்தின் அழகு. ஆனால் அந்த அழகைக் காண நான்கு பக்கமும் சுவர் வேண்டும், மேலே உயர்ந்த கூரை வேண்டும். தோவாளையிலோ பூதப்பாண்டியிலோ வெட்டவெளியில் ஷட்டில் ஆடினால் ஆடுவது பிள்ளைகள் அல்ல, காற்றுத்தான்.

நம் கிராமங்கள் பூப்பந்து ஆடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம். மஞ்சள் கம்பளி நூல் பந்து, கொஞ்சம் கனம் உண்டு, காற்றைத் தாங்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சை அரண்மனையில் 1856 வாக்கில் ஆடத் தொடங்கியது என்பார்கள். ஆனால் அரண்மனையை விட்டு வெளியே வந்து தென்னந்தோப்பிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் கோயில் திடலிலும் வேரூன்றிய ஆட்டம் அது. சுண்ணாம்புக் கோடும் இரண்டு கம்பும் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் பிறந்த இந்த ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கும் இல்லை, டாலரும் இல்லை. இறகுப்பந்துக்கு அது உண்டு, வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு, கல்லூரிச் சேர்க்கையும் உண்டு. ஆகவே வசதி உள்ளவன் பிள்ளை கூரைக்குள் ஷட்டிலுக்குப் போகிறான். இல்லாதவன் பிள்ளை வெளியே பூப்பந்தோடு நிற்கிறான். மட்டையிலும்கூட இப்படி ஒரு தீண்டாமை. பூப்பந்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை வளர்க்க வேண்டும். கூரைக்குள் போகும் கதவும் அதே பிள்ளைக்குத் திறக்க வேண்டும்.

அந்தக் கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2024 செப்டம்பர் 2-ந் தேதி பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் துளசிமதி முருகேசன் இறகுப்பந்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். காஞ்சிபுரத்துப் பெண், தினக்கூலித் தொழிலாளியின் மகள், பிறவியிலேயே இடது கை ஊனம். பயிற்சியாளரை அமர்த்தப் பணம் ஏது? விளையாட்டில் ஈடுபாடு கொண்ட தகப்பனாரே மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அரை இறுதியில் அவர் 23–21, 21–17 என்று வென்றது இன்னொரு தமிழ்நாட்டுப் பெண்ணை, மனிஷா ராமதாஸை. இறுதியில் சீனாவின் யாங் சியூஷியாவிடம் 17–21, 10–21 என்று தோற்றார். அதே யாங்கை முந்தைய ஆண்டு ஹாங்சௌ ஆசியப் பாரா விளையாட்டில் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்தான் துளசிமதி. பாரிஸில் மனிஷா டென்மார்க்குக்காரியை வென்று வெண்கலம் வாங்கினார். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் வேறு பிரிவில் இந்தோனேஷியாவின் ரினா மர்லினாவை 21–14, 21–6 என்று வென்று இன்னொரு வெண்கலம். ஒரே போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவருக்கு இறகுப்பந்துப் பதக்கம்! நம் ஜில்லாவில் தோளை மூடும் உரிமைக்காகப் போராடி 1859-ல் மன்னர் சர்க்காரைப் பணிய வைத்த பெண்களின் பேத்திகள் இந்தச் செய்தியைப் படித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பெண் பிள்ளை சட்டை போட்டு மட்டை எடுத்தால் முகம் சுளிக்கும் வீடுகள் நம் தோழர்கள் வீடுகளிலும் உண்டு என்பதை ஒளிப்பானேன்?

பதக்கம் வென்ற துளசிமதிக்கு மாநில சர்க்கார் 2 கோடி ரூபாய் கொடுத்தது. மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் தலா 1 கோடி. கொடுத்ததை வரவேற்கிறோம், குறை சொல்லவில்லை. 2024-ல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள், அதையும் வரவேற்கிறோம். ஆனால் வென்றபின் வரும் கோடி, வெல்வதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கு உதவாது. அந்தப் பத்து ஆண்டும் தகப்பன் தன் கூலியிலிருந்தல்லவா கட்டுகிறான்! எத்தனை தகப்பன்மார் பாதியிலேயே கை விட்டார்களோ, அந்தக் கணக்கு எந்தச் சர்க்கார் ஏட்டிலும் இல்லை. மட்டையைக் கையில் கொடுத்துவிட்டுக் காற்றில் ஆடச் சொன்னால் அந்த மட்டை ஊராட்சி ஆபீஸ் அலமாரியில்தான் தூங்கும்.

ஜில்லாத் தலைநகரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. களியக்காவிளையிலிருந்தோ பேச்சிப்பாறையிலிருந்தோ ஒரு முந்திரித் தொழிலாளியின் மகள் பள்ளி விட்டபின் பஸ் ஏறி நாகர்கோவில் வந்து, ஆடி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா? தனியார் கூடங்கள் ஆங்காங்கே முளைத்திருக்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பஞ்சாயத்து சமுதாயக் கூடங்களில் ஆடலாம் என்று யோசனை சொல்லுகிறவர்கள் அந்தக் கூடங்களின் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். மேலே தூக்கி அடித்தால் மின்விசிறி பந்தை வாங்கிக்கொள்ளும்.

நம் ஜில்லாவில் ஊராட்சி ஒன்றியங்கள் ஒன்பது: அகஸ்தீஸ்வரம், தோவாளை, ராஜாக்கமங்கலம், குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முன்சிறை, மேல்புறம். ஒன்றியத்துக்கு ஒன்றாக ஒன்பது பொதுக் கூடங்கள் வேண்டும். ஒரு ஆடுகளத்துக்கு 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓடி நிற்கச் சிறிது இடம். இரண்டு களம் கொண்ட கூடம் என்றால் ஒரு அரிசி ஆலைக் கொட்டகையைவிடப் பெரிதல்ல. பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் யாரும் கேட்கவில்லை. காற்று புகாத சுவர், உயர்ந்த தகரக் கூரை, கண் கூசாமல் பக்கவாட்டில் விளக்கு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஊனமுற்ற பிள்ளைகள் ஏறச் சரிவுப் பாதை. பந்துக்கும் வழி செய்ய வேண்டும். பயிற்சிக்கு நைலான் பந்து போதும், மலிவு, நீண்ட நாள் வரும். சம்பளத்தோடு ஒரு பயிற்சியாளர். தினக்கூலிக்கு அல்ல, நிரந்தரமாக. நேரம் ஆபீஸ் நேரமாக இருக்கக் கூடாது. இரண்டு மணிக்கு ஷிப்டு விடுகிறவனுக்கும், பத்து மணிக்கு இரவு ஷிப்டு ஏறுகிறவனுக்கும், விடிகாலை பால் வெட்டி முடித்து வருகிறவனுக்கும் திறந்திருக்க வேண்டும். கட்டி முடித்தபின் கிளப்புக்காரர்களிடம் குத்தகைக்கு விடும் பழக்கம் இங்கே நுழையக் கூடாது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

கோரிக்கையை எங்கே வைப்பது? கிராம சபையில். ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் மே 1 தொழிலாளி நாள். நவம்பர் 1 நம் ஜில்லா தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலைத் தொழிற்சங்கக் கிளைகளும் முன்கூட்டியே கூடிப் பேசி, தங்கள் ஒன்றியத்தில் எந்தப் புறம்போக்கு நிலம் காலியாக இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூட மைதானத்து ஓரம் உபயோகமில்லாமல் கிடக்கிறது என்பதை சர்வே எண்ணோடு எழுதிக்கொண்டு போக வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். தீர்மானத்தை ஏட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அதன் நகலை வாங்கி, ஒன்றிய ஆபீசுக்கும் ஜில்லா கலெக்டருக்கும் அனுப்பிவிட்டு, நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எந்த ஒன்றியத்திலிருந்து முதல் நகல் வருகிறது என்று பார்ப்போம். வந்த வரிசையில் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.